சரியான கடவுச்சொல் போட்டாலும் சாயங்காலமானால் கணக்கு பூட்டிக்கொள்கிறது. உதவி தேவை

மின்மினி72:
வணக்கம். மூன்று நாளாக மண்டை காய்கிறது. என் மேசைக் கணினியில் இருப்பது விண்டோஸ் 11. வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கு கிடையாது, வெறும் லோக்கல் அக்கவுன்ட்தான், அதாவது இந்தக் கணினியில் மட்டும் இருக்கும் கணக்கு.

போன வாரம் கடவுச்சொல்லை மாற்றினேன். அன்றிலிருந்து சாயங்காலமானால் "கணக்கு பூட்டப்பட்டுள்ளது, உள்ளே போக முடியாது" என்ற பொருளில் ஒரு செய்தி வருகிறது. நான் ஒரு தடவைகூடத் தப்பாக அடிக்கவில்லை. பக்கத்திலிருக்கும் கண் படத்தை அழுத்தி, எழுத்து எழுத்தாகப் பார்த்தே அடித்தேன். கேப்ஸ் லாக் இல்லை, விசைப்பலகை தமிழுக்கும் மாறவில்லை. கொஞ்ச நேரம் சும்மா விட்டால் சில சமயம் திறக்கிறது. எழுந்து போய்த் திரும்பி வந்தால் மறுபடி பூட்டு. காலையில் ஒரு தொந்தரவும் இல்லை. பழைய கணினியில் இத்தனை வருடமாக இப்படி ஒரு செய்தியைப் பார்த்ததே கிடையாது. வைரஸாக இருக்குமோ?

பழையஎலி:
கடவுச்சொல்லை அழிக்கும் மென்பொருள் ஒன்றை பென்டிரைவில் போட்டு, விண்டோஸுக்குப் பதில் அதிலிருந்தே கணினியை பூட் செய்யுங்கள். ஐந்து நிமிட வேலை. அதற்கும் மசியவில்லை என்றால் ஃபார்மட்தான்.

கட்டளைவரி:
ஐயோ, அதெல்லாம் வேண்டாம். அவருக்குக் கடவுச்சொல் மறக்கவில்லையே, கணக்குதான் பூட்டிக்கொள்கிறது. அது வேறு, இது வேறு. வெளியிலிருந்து கடவுச்சொல்லை அழித்தால் சேமித்து வைத்த மற்ற கடவுச்சொற்கள் போய்விடும். விண்டோஸிலேயே குறியாக்கம் செய்த கோப்புகள் இருந்தால் அவையும் திறக்காது. வட்டு முழுவதையும் குறியாக்கம் செய்யும் பிட்லாக்கர் இருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி இல்லாமல் அந்த மென்பொருளால் உள்ளேயே போக முடியாது.

மின்மினி, பழைய கணினியில் வராததற்குக் காரணம் இருக்கிறது. 2022இல் வந்த 22எச்2 பதிப்பிலிருந்து புதிதாக நிறுவும் விண்டோஸ் 11இல் இந்தப் பூட்டு தானாகவே போடப்பட்டிருக்கும். 10 முறை தப்பான கடவுச்சொல் வந்தால் 10 நிமிடம் பூட்டு. நீங்கள் தப்பாக அடிக்கவில்லை என்றால் வேறு யாரோ, அல்லது வேறு ஏதோ, உங்கள் பெயரில் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது.

அடுத்த முறை பூட்டினால் முதலில் வலையிணைப்பைத் துண்டியுங்கள். கேபிளைப் பிடுங்கலாம், ரவுட்டரை அணைத்தாலும் சரி. பத்து நிமிடம் விசைப்பலகையைத் தொடாமல் இருந்துவிட்டு உள்ளே போங்கள். போனதும் கமாண்ட் ப்ராம்ப்ட்டில், அதாவது கட்டளை அடிக்கும் சாளரத்தில், நெட் அக்கவுன்ட்ஸ் என்ற கட்டளையைக் கொடுத்து, பூட்டு பற்றிய மூன்று எண்களையும் சொல்லுங்கள்: எத்தனை தப்புக்குப் பூட்டு, எத்தனை நிமிடம் பூட்டு, எத்தனை நிமிடத்தில் தப்புக் கணக்கு மறுபடி பூஜ்யமாகும். அப்புறம் கணினியில் நடப்பவற்றின் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, செக்யூரிட்டி பதிவேட்டில் 4740, 4625 என்ற இரண்டு எண்களைத் தேடுங்கள். 4740 கணக்கு பூட்டப்பட்ட நேரம். 4625 தோற்றுப்போன ஒவ்வொரு முயற்சியும்.

தூக்கம்வராதவன்:
இடையில் ஒரு சந்தேகம். அப்பாவின் மடிக்கணினியில் கடவுச்சொல்லே யாருக்கும் நினைவில்லை. அதற்கும் இதே வழியா?

கட்டளைவரி:
இல்லை. அது மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால் அப்பாவை உட்கார வைத்துக்கொண்டு ஃபோனிலேயே கடவுச்சொல்லை மாற்றிவிடலாம். லோக்கல் அக்கவுன்ட் என்றால் ஒருமுறை தப்பாகப் போடுங்கள், கடவுச்சொல்லை மாற்றும் இணைப்பு தெரியும். கணக்கு தொடங்கும்போது கேட்ட மூன்று கேள்விகளுக்குப் பதில் தெரிந்தால் போதும். மேற்கொண்டு வேண்டுமென்றால் தனி இழை தொடங்குங்கள், இங்கே குழம்பிவிடும்.

மின்மினி72:
ரவுட்டரை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திறந்துவிட்டது! மூன்று எண்களும் 10, 10, 10. பதிவேட்டில் 4740 நிறைய. எல்லாமே இரவு ஏழு மணிக்கு மேல். 4625ஐத் திறந்தால் ஒரே நொடியில் பத்துப் பன்னிரண்டு வரிசையாக இருக்கின்றன. லாகான் டைப் 3 என்று போட்டிருக்கிறது. முகவரி 192.168.1.23.

கட்டளைவரி:
வைரஸ் பயத்தை இப்போதைக்கு விடுங்கள். கணினி முன்னால் உட்கார்ந்து அடித்தால் டைப் 2, பூட்டிய திரையைத் திறந்தால் 7. 3 என்றால் வலை வழியாக, பெரும்பாலும் பகிர்ந்த கோப்புறையைத் தேடி வந்தது. 192.168 என்பது உங்கள் வீட்டுக்குள் இருக்கும் முகவரி. வெளியார் முகவரியாக இருந்திருந்தால்தான் நானும் பயந்திருப்பேன், தொலைவிலிருந்து கணினியை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பை இணையத்துக்குத் திறந்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்டிருப்பேன். ரவுட்டரின் பட்டியலில் அந்த 23 யார் என்று பாருங்கள். கடவுச்சொல்லை மாற்றுவதற்கு முன்னால் அதை எந்தச் சாதனத்தில் கொடுத்து வைத்தீர்கள் என்பதையும் யோசியுங்கள்.

மின்மினி72:
அட, அது தம்பியின் ஃபோன்! அவன் எடுக்கும் படங்கள் என் கணினியில் ஒரு கோப்புறைக்கு வந்து சேரும்படி ஒரு செயலியை நான்தான் போட்டுக் கொடுத்தேன், என் பெயரும் பழைய கடவுச்சொல்லும் போட்டு. சுத்தமாக மறந்துவிட்டேன். அவன் வேலை முடிந்து ஏழு மணிக்கு வருவான், ஃபோன் வைஃபையைப் பிடிக்கும், ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தடவை தட்டும். பத்துப் படம் போதுமே!

பழையஎலி:
ஃபார்மட் என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் எத்தனை தப்புக்குப் பூட்டு என்ற அந்த 10ஐ 0 ஆக்கிவிட்டால் பூட்டே வராது இல்லையா?

கட்டளைவரி:
வராது. ஆனால் யார் வேண்டுமானாலும் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஊகித்துப் பார்க்கலாம் என்றாகிவிடும். நான் செய்ய மாட்டேன்.

அந்தச் செயலியில் புதுக் கடவுச்சொல்லைப் போட்டாலும் வேலை நடக்கும், ஆனால் அடுத்த முறை மாற்றும்போது இதே கதைதான். படங்களுக்கென்று சாதாரணக் கணக்கு ஒன்று தொடங்கி, அந்த ஒரு கோப்புறையில் மட்டும் எழுத அனுமதி கொடுங்கள். ஃபோன் எத்தனை தடவை தட்டினாலும் அந்தக் கணக்குதான் பூட்டும், உங்களுடையது பூட்டாது. இன்னொரு அட்மின் கணக்கும் இருந்தால் நல்லது. பூட்டிக்கொண்டால் காத்திருக்க வேண்டாம், அதில் நுழைந்து நெட் யூசர் கட்டளையில் உங்கள் கணக்கை ஆக்டிவ் யெஸ் என்று கொடுத்தால் உடனே திறக்கும்.

மின்மினி72:
செய்துவிட்டேன். நேற்று ஏழரைக்கு வந்தான், 212 படம் வந்து சேர்ந்தது, 4740 ஒன்றுகூட இல்லை. பாதிப் படம் பூனை.