தொட்டில், தூளி, தால்: 1501க்கு முந்தைய அச்சு நூலுக்குத் தமிழ்ச்சொல்

நண்பர்களே,
பழைய நூல்களின் விலைப்பட்டியல் ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். ரோமானியச் சிந்தனையாளர் செனெக்கா தம் நண்பர் லூசிலியுஸுக்கு எழுதிய 124 கடிதங்கள் அடங்கிய தொகுப்பு, 1475இல் நேப்பிள்ஸில் மத்தியாஸ் மொராவுஸ் அச்சிட்டது. ஐரோப்பாவில் 1500 முடிவதற்குள் அச்சான இத்தகைய நூலை ‘இன்குனாபுலம்’ என்கிறார்கள். தமிழில் என்ன போடலாம்?
– கா.

இலத்தீனில் தொட்டிலுக்கும் பிள்ளையைச் சுற்றும் துணிக்கும் அதே சொல்தான். ‘தொட்டில் நூல்’ போதுமே.
– ந.

தொட்டில் நூல் என்றால் தொட்டில் கட்டும் கயிறு என்பார்கள் ஐயா! பிள்ளைத்தமிழில் மூன்றாம் பருவம் தால். தாலாட்டும் அதில் வந்ததுதான். ‘தாற்பதிப்பு’ என்க.
– மு.

மு. ஐயா, அதைத் தார் ஊற்றிய பதிப்பு என்று படிப்பார்கள். எங்கள் ஊரில் துணித்தொட்டிலைத் தூளி என்போம். தூளி என்றால் தூசியும்கூட. பழம்புத்தகத்துக்கு இரண்டும் பொருந்தும்.
– செ.

தூசியைக் குறிக்கும் தூளி வடசொல். தொட்டில் தூளியோ ‘தூங்கு’ என்பதிலிருந்து வந்திருக்கலாம். பழந்தமிழில் தூங்குதல் என்றால் தொங்குதல். தூங்கணாங்குருவிக் கூட்டைப் பாருங்கள். தூக்கு, தூக்கணம், துலாம்...
– மு.

துலாம் வேண்டாம் ஐயா, போன மாதமே அதில் முப்பது மடல் போயிற்று. கா.வுக்கு ஒரு கேள்வி: டச்சு அறிஞர் எராஸ்மஸ் பாசல் நகரில் 1515இல் கொண்டுவந்த செனெக்காவும் பட்டியலில் உண்டா? அது இந்த வகையில் சேராது. அதன் பிழைகளுக்கு வெட்கப்பட்டு அவரே 1529இல் திருத்திப் பதிப்பித்தார். தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலே 1578, கொல்லம். ஆக நம்மிடம் இல்லாத பொருளுக்கு ஏன் பிள்ளைத்தமிழ்? ‘தொடக்ககால அச்சு நூல்’, அவ்வளவுதான்.
– ந.

அது விளக்கம், கலைச்சொல் அன்று.
– மு.

1515ம் இருக்கிறது, வேறு தலைப்பில் மாற்றிவிடுகிறேன். பெரும்பாலும் தொட்டில் பக்கம் சாய்கிறீர்கள். ‘தொட்டில் பதிப்பு (1501க்கு முன் அச்சானது)’ என்று போட்டு அனுப்புகிறேன். நன்றி.
– கா.

தொட்டிற்பதிப்பு. றகரம் விடாதீர்கள். தாலை நான் கைவிடவில்லை.
– மு.