‘ஸ்லாப்ஸ்டிக்’: ‘அடிதடி நகைச்சுவை’ வேண்டாம், ‘பொய்யடி’ பொருந்துமா?

குழுவினருக்கு வணக்கம்.

நம் திரைக் கலைச்சொல் பட்டியலில், அடிபடுவதையும் விழுவதையும் காட்டிச் சிரிக்கவைக்கும் ‘ஸ்லாப்ஸ்டிக்’ என்பதற்கு ‘அடிதடி நகைச்சுவை’ என்று போட்டிருக்கிறோம். அதை மாற்றியே ஆக வேண்டும். அடிதடி என்றால் காவல் நிலையம் வரை போகிற விவகாரம். இந்தச் சிரிப்போ, எத்தனை அடி விழுந்தாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கையில் பிறப்பது.

நேற்று இரவு பிள்ளைகளோடு ‘ஹோம் அலோன்’ படத்தை மறுபடியும் பார்த்தேன். 1990இல் ஜான் ஹியூஸ் எழுதி, கிறிஸ் கொலம்பஸ் இயக்கியது. வீட்டில் தனியாக விடப்பட்ட எட்டு வயது கெவின், புகவரும் இரண்டு திருடர்களைப் பொறிவைத்து விரட்டும் கதை. அவன் கயிற்றில் கட்டி வீசிவிடும் பெயின்ட் டப்பா, மாடிப்படி ஏறும் திருடனின் முகத்தில் மோதுகிறது. நிஜத்தில் ஆள் பிழைப்பதே அரிது. இங்கே எழுந்து மறுபடியும் வருகிறான். செக்கச்செவேலெனக் காய்ந்த கதவுக் குமிழைப் பிடித்த ஹாரி என்ற திருடன், கையைப் பனியில் புதைக்கிறான், ஆவி பறக்கிறது. உள்ளங்கையில் ‘எம்’ என்ற எழுத்து அச்சாகப் பதிந்திருக்கிறது. என் மகள் அந்த இடத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மூலச்சொல்லும் இதைத்தான் சொல்கிறது. இத்தாலியின் பழைய முகமூடி நாடகங்களில் ஆர்லெக்கினோ என்னும் கோமாளி கையில் ஒரு மட்டை இருக்கும். இரண்டு மெல்லிய பலகைகளைப் பிடியில் சேர்த்தது. லேசாகத் தட்டினாலே பலகைகள் ஒன்றோடொன்று மோதிப் பெருஞ்சத்தம் எழும், வலி சொற்பம். அந்த மட்டையின் பெயர்தான் ஆங்கிலத்தில் ஒரு நகைச்சுவை வகைக்கே பெயராயிற்று.

தொல்காப்பியர் நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு களங்கள் காட்டுகிறார். இளமை கெவினிடம் இருக்கிறது, பேதைமையும் மடனும் திருடர்களிடம் தாராளமாக இருக்கின்றன. அடி மட்டும் அந்த நான்கில் இல்லை. அதற்குச் சொல்லை நாம்தான் ஆக்க வேண்டும்.

என் பரிந்துரை ‘பொய்யடி’. பொய்க்கால் குதிரை, பொய்க்கோபம், பொய்யுறக்கம் என்று நமக்குப் பழகிய வழிதான். பொய்யடி நகைச்சுவை, பொய்யடிக் காட்சி, பொய்யடிக் கலைஞர் என்று கிளைக்கவும் செய்யும். திருடர்களுக்குப் பதிலாக நிஜமாகவே விழுந்து எழுந்த சண்டைக் கலைஞர்களின் உழைப்பைப் பொய் என்பதா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் பொய்க்காலில் நின்று ஆடுகிறவரின் வியர்வையை அந்தப் பெயர் குறைத்துவிடவில்லையே.

இந்தப் படம் நிலைத்ததற்குப் பொய்யடி மட்டும் காரணமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தேவாலயத்தில் கெவினும் பக்கத்துவீட்டுக் கிழவர் மார்லியும் பேசும் காட்சி இல்லாவிட்டால் அந்த அடிகள் வெறும் சத்தமாகப் போயிருக்கும். அமெரிக்க காங்கிரஸ் நூலகம் 2023இல் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இதைச் சேர்த்தது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

ஒரே ஒரு தயக்கம். ‘பொய்யடி’ தனியாக நின்றால், ‘பொய்யடி பெண்ணே’ என்பதுபோல் விளியாகவும் படிக்கலாம். பட்டியலில் ‘பொய்யடி நகைச்சுவை’ என்று முழுமையாகவே போட்டுவிடலாமா? இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.