தீபாவளிக்கு முன் கிளவுட்டுக்கு மாறுவதா?

புறக்கோட்டைப் பெடியன்:
எங்கள் புடவைக்கடைத் தளம் வேர்ட்பிரஸிலும் அதன் இணையக்கடைச் செருகுநிரலான வூகொமர்ஸிலும் ஓடுகிறது. ஒரே சேர்வரைப் பல தளங்கள் பங்குபோடும் பகிர்வு ஹோஸ்டிங், வருடக் கட்டணம். போன தீபாவளிக்கு பேஸ்புக் விளம்பரம் போட்ட இரவு 508 பிழை காட்டிப் படுத்துவிட்டது. கிளவுட்டுக்கு, அதாவது பாவிக்கும் அளவுக்குப் பணம் கட்டும் வாடகை சேர்வருக்கு, மாறச் சொல்லி அப்பா நிற்கிறார். மாறலாமா?

இரவுப்பணி:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? 508 என்றால் உங்களுக்கு ஒதுக்கிய சிபியு, மெமரி எல்லை முட்டிவிட்டது என்று அர்த்தம். அதே சேர்வரில் உள்ள மற்றவர்களைக் காப்பாற்ற உங்களை நிறுத்துகிறார்கள். கிளவுட்டில் கூட்டம் வந்தால் கூடுதல் சேர்வர் எழும், போனால் அணையும். அமேசனின் கிளவுட்டுக்கு சிங்கப்பூரில் 2010 முதலும் மும்பையில் 2016 முதலும் சேர்வர் நிலையம் இருக்கிறது. இங்கிருந்து கிட்ட.

கணக்குப்பிள்ளை:
சேர்வர் எழும்போது பில்லும் எழும் தம்பி. மும்பையில் மாதம் 100 ஜிபி வரைதான் வெளியே போகும் டேட்டா இலவசம். அதற்கு மேல் ஜிபிக்கு ஏறக்குறைய 11 சதம், டொலரில். 3 எம்பி பக்கத்தை ஒரு லட்சம் தரம் திறந்தால் 300 ஜிபி. சேலைப் படங்களுக்கு மட்டும் 22 டொலர்! 2022 தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதம் 360 ஆனது மறந்துபோச்சா?

இரவுப்பணி:
உள்ளூர் ஹோஸ்டிங்காரர் பலரும் வெளிநாட்டு சேர்வரைத்தானே வாங்கி விற்கிறார்கள்? அவர்களுக்கும் டொலர்தான் அண்ணா.

கணக்குப்பிள்ளை:
ஓம், ஆனால் வருடத்தில் ஒருமுறைதான் விலை ஏற்றுவார்கள். அப்புறம், கிளவுட் என்ற பெயரே காவல் இல்லை. 2023இல் லங்கா அரச கிளவுட்டில் ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் மென்பொருள்) புகுந்து மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் போயின. அந்தக் காலத்துக்கு பாக்கப் இருக்கவில்லை.

இரவுப்பணி:
அது பழைய மென்பொருளை அப்டேட் செய்யாமல் விட்டதால் வந்த வினை. பாக்கப் இல்லாவிட்டால் எங்கே வைத்தாலும் அதே கதிதான்.

ஆமர்வீதி அக்கா:
இரண்டு பேரும் தளத்தையே பார்க்காமல் சண்டை பிடிக்கிறீர்கள். வூகொமர்ஸைத் தூக்கிக் கிளவுட்டில் ஒரு மெஷினில் வைத்தால் அது வேறு பெயரில் ஒரு விபிஎஸ் (பெரிய சேர்வரில் உங்களுக்கென்று பிரித்துத் தரும் ஒரு பங்கு), அவ்வளவுதான். தானாகப் பெருகாது. பெருக வேண்டுமென்றால் பொருள், ஓடர் விவரங்கள் இருக்கும் டேட்டாபேஸைத் தனியே பிரிக்க வேண்டும், படங்களையும் பொதுவான இடத்துக்கு மாற்ற வேண்டும். கடையில் இதைச் செய்ய யார் இருக்கிறார்கள்? இரவு இரண்டு மணிக்கு விழுந்தால் யார் எழும்புவது?
தம்பி, முதலில் கேஷ் போடுங்கள், அதாவது ஒருதரம் தயாரித்த பக்கத்தைச் சேமித்து வைத்து எல்லோருக்கும் அதையே கொடுப்பது. சேலைப் பக்கங்கள் ஒவ்வொரு தரமும் டேட்டாபேஸைத் தொடத் தேவையில்லை. கூடையையும் பணம் கட்டும் பக்கத்தையும் மட்டும் கேஷிலிருந்து விலக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒருவருடைய கூடை இன்னொருவருக்குத் தெரியும். படங்களை வெப்பி (WebP) என்ற சிறிய கோப்பு வடிவத்துக்கு மாற்றி, முன்னால் ஒரு சிடிஎன் வையுங்கள்; அது படங்களின் பிரதிகளைப் பல இடங்களில் வைத்து, பார்ப்பவருக்குக் கிட்ட இருந்து கொடுக்கும். அதற்கும் தாங்காவிட்டால் மாத வாடகை மாறாத விபிஎஸ், மும்பையிலோ சிங்கப்பூரிலோ.

இரவுப்பணி:
விபிஎஸ் என்றாலும் அப்டேட், பாதுகாப்பு எல்லாம் தலையில்தான் விழும் அக்கா.

ஆமர்வீதி அக்கா:
அதனால்தான் அதைக் கடைசியில் சொன்னேன்.

புறக்கோட்டைப் பெடியன்:
சரி, கேஷிலிருந்து தொடங்குகிறேன். படம் ஒவ்வொன்றும் 4 எம்பி இருக்கிறது, போனில் எடுத்ததை அப்படியே ஏற்றியிருக்கிறோம்.

கணக்குப்பிள்ளை:
4 எம்பியா! என் 300 ஜிபி கணக்கே குறைவு போல இருக்கிறதே.