வாய் தெரியும் மாஸ்க் எங்கே கிடைக்கும்? ஃபேஸ் ஷீல்டு மட்டும் போதவில்லை

வணக்கம். மதுரையில் காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். வீட்டில் அம்மாவுக்குப் போன மாதத்திலிருந்து கீமோ நடக்கிறது, சளி காய்ச்சல் எதையும் வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது, பள்ளியில் மாஸ்க் கட்டாயம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆனால் என் பிள்ளைகள் உதட்டசைவைப் பார்த்துத்தான் பாடத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

ஃபேஸ் ஷீல்டு மட்டும் போட்டுப் பார்த்தேன். முகம் நன்றாகத் தெரிகிறது. ஆனால் தாடைக்குக் கீழேயும் காதோரமும் திறந்தே கிடக்கிறது. எதிரே தும்மினால் நேராகத் தெறிக்கும் துளியைத் தடுக்கும், காற்றில் மிதக்கும் நுண்துளி அந்த இடைவெளி வழியாகத் தாராளமாக உள்ளே வரும். 2020-இல் சுவிட்சர்லாந்தின் கிராவ்புண்டன் மாநிலத்தில் ஒரு ஹோட்டலில் கொரோனா பரவியபோது, தொற்றியது ஷீல்டு மட்டும் அணிந்த ஊழியர்களுக்குத்தான், மாஸ்க் போட்டவர்கள் தப்பினார்கள். அதைப் படித்ததிலிருந்து ஷீல்டை மட்டும் நம்ப மனம் வரவில்லை.

அப்புறம் நடுவில் பிளாஸ்டிக் வைத்துத் தைத்த துணி மாஸ்க் வாங்கினேன். கொஞ்ச நேரத்திலேயே மூச்சுக்காற்றில் பிளாஸ்டிக் வெளுத்துப்போகிறது. உள்பக்கம் சோப்பு தடவித் துடைத்தால் ஒரு பீரியட் தாங்குகிறது, அவ்வளவுதான். மூக்கோரம் வேறு விரல் நுழையும் அளவுக்குத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. என்95 போட்டால் எனக்குப் பயமில்லை, பிள்ளைகள்தான் ஒன்றும் புரியாமல் என் கண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். வகுப்பு ஜன்னல்களை எல்லாம் ஏற்கெனவே திறந்துதான் வைக்கிறோம்.

வாய்ப்பகுதி தெளிவாகத் தெரிந்து, ஓரங்களில் முகத்தோடு ஒட்டி நிற்கும், ஆவி படியாத மாஸ்க் எதையாவது நீங்கள் நாள் முழுக்கப் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா, அது இங்கே எங்கே கிடைக்கும்?