பழைய ஏர் கம்ப்ரஸர் வாங்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் அண்ணன்மாரே. மலேசியா, சுங்கை சிப்புட்டில் தம்பிக்கு மோட்டார் சைக்கிள் பட்டறை போடுகிறோம். தோட்டத்துப் பக்கம் ஒருவர் 100 லிட்டர், 2 எச்.பி. பெல்ட் கம்ப்ரஸரை 600 வெள்ளிக்குத் தருகிறார். வெளியே புது பெயிண்ட். அடிவால்வைத் திறந்தால் செம்மண் நிறத்தில் துருத்தண்ணீர் கொட்டுகிறது. எனக்குப் பயமே தொட்டிதான். பம்பை மாற்றிக்கொள்ளலாம், உள்ளே அரித்த தொட்டி வெடித்தால் ஆளையே கொன்றுவிடும். தகட்டில் பி.எம்.டி. எண்ணும் (அழுத்தத் தொட்டிக்கான பதிவு எண்) தெரியவில்லை.

காலித் தொட்டி 8 பார் அழுத்தத்துக்கு ஏற ஏறக்குறைய 800 லிட்டர் காற்று வேண்டும். இது ஏற 10 நிமிடத்துக்கு மேல் ஆகிறது. பம்பில் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டதா, வால்வுத் தகடு போய்விட்டதா? எண்ணெய் தெளிவாகத்தான் இருக்கிறது. அப்புறம், நிறுத்திய பிறகும் பிரஷர் சுவிட்ச் பக்கம் 'ஸ்ஸ்' என்று காற்று போய்க்கொண்டே இருக்கிறது, தொட்டிக் காற்று பம்புக்குத் திரும்பாமல் தடுக்கும் செக் வால்வு கெட்டுவிட்டதோ? தொட்டித் தகட்டின் கனம் அளக்கும் கருவி ஈப்போ பக்கம் யாரிடமாவது இருக்கிறதா? சனிக்கிழமைக்குள் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும்.