உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளியில் படித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

மலர்விழி, அங் மோ கியோ:
வணக்கம். அம்மா காலமாகி நாற்பது நாள் ஆகிறது. அலமாரியை ஒழித்தபோது துணிகளுக்கு அடியில் ஒரு நோட்டுப் புத்தகம் கிடைத்தது. அட்டையில் 'புவியியல், உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி, 1967' என்று அம்மாவின் கையெழுத்து. உள்ளே அம்மா வரைந்த மலாயாத் தீபகற்பம், மலாக்கா நீரிணை, பகாங் ஆறு, எல்லாப் பெயர்களும் தமிழில். பள்ளியைப் பற்றி அம்மா எங்களிடம் பேசியதே இல்லை. தமிழ் ஒரு பாடமாக இருந்த பள்ளியா, எல்லாமே தமிழில் நடந்த பள்ளியா? என் மகள் கேட்கிறாள், எனக்குப் பதில் தெரியவில்லை.

செம்பவாங் ராமன்:
தங்கச்சி, நான் அந்தப் பள்ளிப் பிள்ளை. 1966 முதல் 1969 வரை. உங்கள் அம்மா எனக்கு ஒரு வகுப்பு முன்னே பின்னே இருந்திருப்பார்.

வரலாறு, புவியியல், கணக்கு எல்லாம் எங்களுக்குத் தமிழில்தான். ஆங்கிலம் இரண்டாம் மொழி. தமிழில் படித்துத் தொடக்கநிலை முடித்த பிள்ளைக்கு, தமிழிலேயே உயர்நிலை படிக்க சிங்கப்பூரில் இருந்த ஒரே பள்ளி அது. அதனால் தீவின் எல்லா மூலையிலிருந்தும் பிள்ளைகள் வருவார்கள். அப்பாவுக்குக் கடற்படைத் தளத்தில் வேலை, வீடு அங்கே செம்பவாங்கில். பள்ளியோ அந்தக் கோடியில், தஞ்சோங் பகார் பக்கம் மேக்ஸ்வெல் ரோட்டில். இருட்டோடு கிளம்பி இரண்டு பஸ் மாறிப் போவேன். இறங்கி நடக்கும்போதே மல்லியும் மிளகாயும் அரைபடும் வாசம் வரும். தென்காசி, கடையநல்லூர்ப் பெண்கள் அந்த வட்டாரத்தில் மசாலா அரைத்து விற்றுக் குடும்பம் நடத்தினார்கள். இன்றைக்கும் அந்த வாசம் வந்தால் எனக்குப் பள்ளி மணி ஞாபகம்தான்.

இதை உங்கள் மகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். பள்ளியைத் தொடங்கியது அரசாங்கம் இல்லை. சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்ற சங்கம். ஜப்பான்காரன் போய் ஒரு வருடம்கூட நிறையாத 1946இல், ஊரில் அரிசிக்கே திண்டாட்டமாக இருந்த நேரத்தில், அந்த மக்கள் பள்ளிக்கூடம் வேண்டும் என்று நினைத்தார்கள். பணக்காரர்கள் இல்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும் சின்னக் கடைக்காரர்களும்தான் அதிகம். நபிகள் நாயகத்தின் வரலாற்றைத் தமிழில் காப்பியமாகப் பாடிய 17ஆம் நூற்றாண்டுப் புலவரின் பெயரை வைத்தார்கள். முதலில் தொடக்கப் பள்ளி, 1960இல் உயர்நிலை. பெயரைப் பார்த்து முஸ்லிம் பிள்ளைகளுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். நான் இந்து. என் பெஞ்சில் பக்கத்தில் இருந்தவன் கிறிஸ்தவன். யாரும் வித்தியாசம் பார்த்ததில்லை.

புவியியல் என்றதும் கண் கலங்கிவிட்டது. எங்கள் ஆசிரியர் கரும்பலகையில் கையாலேயே தீபகற்பத்தை வரைவார். அதைப் பார்த்து நாங்கள் வரைய வேண்டும், கடற்கரைக்கு நீலம், மலைக்குப் பழுப்பு. உங்கள் நோட்டிலும் அந்த நிறங்கள் இருக்கின்றனவா?

அம்மா ஏன் பேசவில்லை என்பது எனக்குப் புரிகிறது. உயர்நிலை நான்கு முடித்து வேலைக்குப் போன இடத்தில், "எந்தப் பள்ளி?" என்று கேட்டார்கள். சொன்னேன். என் தாளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டார்கள். ஆங்கிலப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது, எங்களுக்கு இல்லை. அதற்கப்புறம் பல வருடம் நானும் பள்ளிப் பெயரைச் சொன்னதில்லை. இப்போது நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்தப் பள்ளி எங்களுக்குக் குறை வைக்கவில்லை. என் வகுப்பில் இரண்டு பேர் தமிழாசிரியர்கள் ஆனார்கள், ஒருவர் அச்சகம் வைத்தார். எனக்கு இன்றைக்கு நாலு வரி பிழையில்லாமல் எழுத வருகிறது என்றால் அது மேக்ஸ்வெல் ரோடு போட்ட பிச்சை.

நூலகப் பித்தன்:
பெற்றோர்கள் வேலைவாய்ப்பை நினைத்து ஆங்கிலப் பள்ளிகளுக்கு மாறினார்கள், பிள்ளைகள் குறைந்துகொண்டே போனார்கள். 1982இல் பள்ளியை மூடிவிட்டார்கள். 1987க்குள் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதல் மொழி என்றாகிவிட்டது, ஆக இது மட்டும் தப்பியிருக்க வழியில்லை.

மலர்விழி, தேசிய நூலக வாரியத்தின் நாளிதழ் மின்தொகுப்பில் பழைய தமிழ் முரசு இதழ்கள் இருக்கின்றன. தமிழில் தட்டித் தேடினால் சில நேரம் சிக்காது, பழைய அச்சு அப்படி. 1960களின் பக்கங்களைத் தேதிவாரியாகப் புரட்டிப் பாருங்கள். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளையும் விட்டுவிடாதீர்கள்.

கவின்:
நான் படித்த உயர்நிலைப் பள்ளியில் தமிழ் வகுப்பு கிடையாது. அதனால் நாலு வருடம் பள்ளி முடிந்து பீட்டி ரோட்டில் உள்ள உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையத்துக்குத்தான் போனேன். அந்தப் பெயருக்குப் பின்னால் இப்படி ஒரு பள்ளி இருந்தது என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. நன்றி ஐயா.

மலர்விழி, அங் மோ கியோ:
ஐயா, இப்போதுதான் நோட்டைத் திரும்பப் பிரித்துப் பார்த்தேன். கடற்கரை நீலம், மலை பழுப்பு. நீங்கள் சொன்ன மாதிரியே. மகளிடம் உங்கள் பதிலை முழுக்கப் படித்துக் காட்டினேன். பகாங் ஆற்றைத் தானும் வரைந்து பார்க்கிறேன் என்று உட்கார்ந்திருக்கிறாள்.

செம்பவாங் ராமன்:
ஆற்றைக் கடலிலிருந்து தொடங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். மலையில் மெல்லிசாகத் தொடங்கி, கடலுக்கு வர வர தடிப்பாக்க வேண்டும். ஐயா அப்படித்தான் வரைவார்.