பெற்றோர் கையெழுத்துப் போட்டால் 17 வயதில் கல்யாணம் செய்யலாமா?

எழில்:
பல நாடுகளில் திருமண வயது 18. ஆனால் பெற்றோர் சம்மதித்தால் 16, 17லேயே முடிக்கலாம் என்று ஒரு விதிவிலக்கும் இருக்கும். அதை எடுத்துவிட வேண்டும் என்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. அறுவை சிகிச்சைக்கே பெற்றோர் கையெழுத்தைத்தானே கேட்கிறோம்?

மாறன்:
அறுவை சிகிச்சையில் பெற்றோருக்கு வேறு கணக்கு இருக்காது. கல்யாணத்தில் இருக்கும். கடன், ஊர் வாய், கர்ப்பத்தை மறைக்கும் அவசரம். பிள்ளை அவசரப்படும், பெற்றோர் தடுப்பார்கள் என்று நம்பித்தான் இந்த விதியே வந்தது. அவர்களே பிடித்துத் தள்ளினால்? அப்பா படிவத்தை நீட்டுகிறார், பெண் தலைகுனிந்து பக்கத்தில் நிற்கிறாள். அலுவலர் பார்ப்பது அப்பாவின் அடையாள அட்டையை. அவளைத் தனியாகக் கூப்பிட்டு, ‘உனக்கு விருப்பமா?’ என்று கேட்கச் சொல்லி எத்தனை சட்டங்களில் இருக்கிறது? மணம் செய்பவர்களின் முழுச் சம்மதம் வேண்டும் என்று 1962லேயே ஐநா உடன்படிக்கை சொல்லிவிட்டது. அப்பாவின் சம்மதம் அதற்கு ஈடாகாது.

எழில்:
எல்லா அப்பாக்களையும் வில்லனாக்க வேண்டாம். கதவை அடைத்தால் ஓடிப்போவார்கள், அவ்வளவுதான். இங்கிலாந்தில் 1753இல் சட்டத்தை இறுக்கியதும் ஜோடிகள் ஸ்காட்லாந்து எல்லை தாண்டி கிரெட்னா கிரீனில் போய்த் தாலி கட்டாத குறையாக மணம் முடித்தார்கள்.

மாறன்:
நல்ல உதாரணம், ஆனால் எனக்குத்தான் உதவும் :) 21 வயதுக்குள் பெற்றோர் சம்மதம் கட்டாயம் என்றதுதான் அந்தச் சட்டம். அவர்கள் ஓடியதே உங்கள் கையெழுத்துக்குப் பயந்து.

தேன்மொழி:
இரண்டு பேரும் ஒரு வழியை விட்டுவிட்டீர்கள். பெற்றோர் சம்மதம் மட்டும் போதாது, நீதிபதியும் அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேசி அனுமதிக்க வேண்டும் என்று வைக்கலாமே?

மாறன்:
வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டிய பெண் அங்கே உண்மையைச் சொல்வாளா? இன்னொன்று, 17இல் கல்யாணம் ஆனவள் அடிபட்டு வெளியே வந்தால், தனியாக வரும் 18 வயதுக்குட்பட்டவரைப் பல காப்பகங்கள் சேர்ப்பதில்லை. வக்கீல் வைக்கவும் வயது இடிக்கும். உள்ளே போக அனுமதி உண்டு, வெளியே வர இல்லை. அமெரிக்காவின் டெலவேர் மாநிலம் 2018இல் விதிவிலக்கே இல்லாமல் 18 ஆக்கியது. ஜப்பான் 2022இலும், இங்கிலாந்தும் வேல்ஸும் 2023இலும் அதே முடிவுக்கு வந்தன. உண்மையான காதல் என்றால் ஒரு வருடம் காத்திருக்கட்டும்.

எழில்:
சொல்வது சுலபம். கையில் குழந்தையோடு இருக்கும் 17 வயதுப் பெண்ணுக்கு அந்த ஒரு வருடம் என்ன? இடையில் குழந்தையின் அப்பா இறந்துவிட்டால் அவள் சட்டப்படி யார்?

தேன்மொழி:
குழந்தையின் உரிமைக்குக் கல்யாணம் எதற்கு? தந்தை பெயரைப் பதிவு செய்தால் போதாதா?

எழில்:
குழந்தைக்குச் சரி. நான் கேட்டது அவளைப் பற்றி. அவளுக்கு ஒரு வழி செய்துவிட்டு வாருங்கள், அப்புறம் விதிவிலக்கை எடுப்பதைப் பேசலாம்.